கம்பிச் செருப்பு

பல்லடத்தில் எங்கள் லைன் வீடுகளில் லோகப்பிரியாவிடம் வாய் கொடுத்து மீண்டவர் யாருமில்லை. பக்கத்து வீட்டுக்காரியான நானே அடிக்கடி தோற்றிருக்கிறேன். அவளும் அவள் புருஷன் அன்புமணியும் விசைத்தறி ஷெட்டில் வேலை செய்கிறார்கள். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய குரல், வீட்டுக்கு வந்தாலும் இறங்காது.

மகள் இனியா பிறந்தபோதுதான் அந்தக் குரல் அடங்கியது. குழந்தையின் இடது பாதம் உள்பக்கமாக மடங்கி, உள்ளங்கால் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. "கிரகணத்துல வெளிய வந்திருப்பா" என்று தெருவில் ஒருத்தி ஆரம்பித்தாள். நல்ல வேளை, குரல் உடனே திரும்பிவிட்டது.

"ஏனுங்க்கா, கிரகணத்தன்னிக்கு கடைத்தெருவுல நின்னது நீங்கதானுங்க. நான் ஊட்டுக்குள்ள கதவைச் சாத்திப் படுத்திருந்தேன்."

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில், இது சரியாகக்கூடிய கோளாறுதான் என்றார்கள். வாரா வாரம் மாவுக்கட்டை மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகப் பாதத்தை நேரே கொண்டுவந்தார்கள். கடைசிக் கட்டைப் பிரித்ததும் லோகப்பிரியா சந்தோஷத்தில் அழுதாள். டாக்டரம்மா அவளை அழவிட்டுவிட்டு, "வேலை இனிமேத்தான் இருக்குதுங்க" என்றார்.

அந்த வேலை ஒரு ஜோடி குட்டித் தோல் பூட்ஸாக வந்தது. இரண்டையும் இணைத்து நடுவே ஒரு கம்பி. சில மாதங்களுக்குக் குளிக்கும் நேரம் தவிர எந்நேரமும் போட வேண்டும். பிறகு பள்ளிக்கூடம் போகிற வயசு வரைக்கும் தூங்கும்போது மட்டும். கழற்றி வைத்தால் பாதம் பழையபடி திரும்பிக்கொள்ளும். "பழகற வரைக்கும் பாப்பா அழுவா. நீங்க அழாதீங்க" என்று சொல்லி அனுப்பினார்.

இனியா அழுதாள், சும்மா இல்லை, லைன் வீடு மொத்தமும் எழுந்து உட்காரும்படி அழுதாள். தூளியில் போட்டால் கம்பி சேலையில் சிக்கியது. அன்புமணி தூளியின் நடுக்கம்பை எடுத்துவிட்டு நீளமான கம்பு வைத்துச் சேலையை அகட்டினான். லோகப்பிரியா கம்பியைப் பிடித்து, "பஸ்ஸு போவுது, தாராபுரம் பஸ்ஸு போவுது" என்று முன்னும் பின்னும் தள்ளி விளையாட்டுக் காட்டினாள். ஒற்றைக் காலை உதைத்தால்தான் கம்பி இழுக்கும், இரண்டையும் சேர்த்து உதைத்தால் இழுக்காது என்பது அந்தப் பொடிசுக்குப் புரிந்துபோயிற்று. அப்புறம் அது அழவில்லை; கம்பியால் எங்களைத்தான் இடித்தது.

பூட்ஸின் பின்புறம் ஒரு சின்ன ஓட்டை உண்டு. நடு வாரை இறுக்கிய பிறகு அதன் வழியே குதிகால் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கால் உள்ளே சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு தடவையும் லோகப்பிரியா குனிந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவாள்.

இனியாவுக்கு முதல் மொட்டை குலதெய்வம் கருப்பராயன் கோயிலில். கோயில் தாராபுரத்துக்கு அந்தப் பக்கம், மாமனார் ஐயாசாமியின் ஊரில். பண்ணையத்தில் கூலி வேலை செய்தே மகனை வளர்த்தவர் அவர், பேத்தி என்றால் உயிர். பேத்தி கால் நேராக வேண்டும் என்று நேர்ந்து, தாராபுரத்தில் சொல்லிச் செய்த ஆணி வைத்த தோல் செருப்பை அன்று சாமி காலடியில் வைத்தார். ஆனால் கோயிலுக்குள் செருப்பு போகக் கூடாதே! இனியாவின் பூட்ஸைக் கழற்றி வேப்பமரத்தடியில், எங்கள் செருப்புகளோடு விட்டுவிட்டுத்தான் உள்ளே போனோம்.

"செத்த நேரந்தானே" என்று கழற்றியது, கறி விருந்து முடிகிற வரைக்கும் ஆனது. அப்புறம் ஐயாசாமி வீட்டுக்கு உறவுக்காரர்கள் வந்து ஒரு வாரம் தங்கினார்கள். நாலு பேர் முன்னால் எதற்கு என்று ஐயாசாமிக்குக் கூச்சம். அவர்கள் ஊருக்குப் போகும்வரை குழந்தை வெறுங்காலோடு மடிக்கு மடி சிரித்துக்கொண்டு கிடந்தது. திரும்பி வந்து பூட்ஸை மாட்டினால், ஓட்டையில் குதிகால் தெரியவில்லை. மறுபடியும் மாவுக்கட்டு.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் லோகப்பிரியாவுக்கு ஆறியிருக்கும். பஸ்ஸில் வரும்போது என்னிடம் சொன்னாள்: "இனி அந்தச் சாமியே வந்து கழட்டச் சொன்னாலும் கழட்ட மாட்டனுங்க்கா."

சொன்னது பலித்துவிட்டது. கட்டுப் பிரித்துப் பழையபடி பூட்ஸ் மாட்டிய கொஞ்ச நாளில், அதே கோயிலில் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் சீர்த்தட்டோடு வந்து நின்றான். இனியாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, கம்பி குறுக்கே நீட்டிக்கொண்டிருக்க, லோகப்பிரியா வாசலுக்கு வந்தாள். பூசாரி அப்புசாமி கை நீட்டித் தடுத்தார்.

"அம்மணி, தோலு உள்ள வரக் கூடாதுங்க. கழட்டிப்போட்டு வாங்க."

"கழட்ட முடியாதுங்க."

கூட்டம் கசகசவென்றது. அன்புமணி தரையைப் பார்த்தான். ஐயாசாமிக்கு முகம் சுண்டிவிட்டது. "செத்த நேரம் கழட்டு அம்மணி. ஊரே பாக்குது" என்றார் மெதுவாக.

"போன தடவையும் செத்த நேரம்னுதானுங்க மாமா கழட்டுனோம்." அவள் குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அங்க சாமி காலடியில கெடக்கறது என்னங்க மாமா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். குங்குமம் அப்பி, ஆணி மின்ன, அவர் வைத்த செருப்பு அங்கேயே இருந்தது.

"செருப்பு" என்றார் ஐயாசாமி.

"ஆரு வெச்சதுங்க?"

"நாந்தான்."

"எதுக்குங்க வெச்சீங்க?"

அவர் பேத்தியின் காலைப் பார்த்தார். "புள்ளை காலுக்கு" என்றபோது குரல் உடைந்துபோனது.

"அந்தக் காலை நேராக்கறது இதுங்க மாமா. சாமி தனக்குன்னு தோலை வாங்கிக்கிச்சு, எம் புள்ளை போட்டிருக்கறதை வேண்டாம்ன்னா சொல்லும்?"

ஐயாசாமி தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மருமகளிடமிருந்து பேத்தியைக் கம்பியோடு வாங்கினார். "வழி உடப்பா அப்புசாமி. குத்தம்னா அது எனக்கு வரட்டும்" என்று உள்ளே நடந்தார்.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்து ஆசாரி காது குத்தினார். இனியா இரண்டு காலையும் சேர்த்து ஓங்கி உதைத்தாள். கம்பி ஆசாரி முழங்காலில் பட்டு அவரும் "ஐயோ" என்றார். கூட்டம் சிரித்தது. அப்புசாமியும் சிரித்துக்கொண்டே பூட்ஸின் மேல் திருநீறு போட்டார்.

மாமனார் வீட்டுக்கு வந்ததும் குழந்தையைக் குளிப்பாட்டினாள் லோகப்பிரியா. துவட்டிவிட்டுப் பூட்ஸைத் தேடினால், அது ஐயாசாமி கையில் இருந்தது. அவளிடம் எதுவும் கேட்காமல் கீழே உட்கார்ந்து, பேத்தியின் காலை உள்ளே விட்டு, நடு வாரை இறுக்கினார். பிறகு கண்ணைச் சுருக்கி, பின்பக்க ஓட்டைக்கு நேரே குனிந்தார்.

"தெரியுது அம்மணி," என்றார், "குதிங்கால் தெரியுது."