பாட்டில் யூரியாவும் மூட்டை யூரியாவும்

காரைக்குடியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக அட்டெண்டராக இருக்கிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன். குழாய்களையும் குடுவைகளையும் கழுவுவேன், அலமாரியைத் துடைப்பேன், டீ வாங்கி வருவேன். நான்கு பேர் நிற்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. ஆமாம், இல்லை என்று தலையை ஆட்டுவதோடு சரி. அந்தத் தலையாட்டல் ஒன்றைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் சார் கண்டனூர்க்காரர். முப்பது வருஷமாக ஒரே ஒரு புரதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முட்டை வெள்ளையில் இருக்கிற புரதம் அது. நான் சேர்ந்த புதிதில் சந்தையில் முட்டை வாங்கி வந்து நாங்களே பிரித்தெடுப்போம், பிறகு பாட்டிலில் வர ஆரம்பித்தது. கண்டனூரில் அவர்கள் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளை சேர்த்துப் பூசியிருப்பார்கள். பளிங்கு மாதிரி இருக்கும். "எங்க ஐயா செவத்துல பூசுனாக, நான் குழாயில ஊத்துறேன். முட்டைய விட்டு நாங்க இன்னும் வெளிய வரல" என்பார்.

புரதம் ஒரு நீளக் கயிறு மாதிரி என்று சார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தண்ணீருக்குள் அது தானாகவே மடிந்து ஓர் உருவத்துக்கு வருமாம். எந்த வழியாக மடிகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. யூரியா கரைத்த தண்ணீரில் போட்டால் மடிப்பு பிரிந்துவிடும். யூரியாவைக் குறைத்தால் திரும்ப மடியும். கொஞ்சம் கொஞ்சமாக யூரியாவைக் கூட்டி, ஒவ்வொரு குழாயாக இயந்திரத்தில் வைத்து, எவ்வளவு ஒளிர்கிறது என்று அளந்து கோடு போடுவார்கள். கோடு ஒரே சரிவாக இறங்கும்.

சார் எல்லாப் பிள்ளைகளுக்கும் முதல் நாள் சொல்கிற விதி ஒன்று உண்டு. நோட்டில் எதையும் அழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் மேலே ஒரே ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதித் தேதி போட வேண்டும். அடியில் இருக்கிற தப்பும் படிக்கத் தெரிய வேண்டும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சரியாக மூடாத யூரியா பாட்டில் கையில் தட்டி ஈரத் தரையில் விழுந்தது. முக்கால் பாட்டில் போய்விட்டது. பூஜை முடிந்ததும் ஆய்வு செய்கிற பெண்பிள்ளை ஒன்று அதை வைத்துத்தான் பெரிய வேலையைத் தொடங்க இருந்தது. புதுப் பாட்டில் வர வாரக்கணக்கில் ஆகும். வேலை நிரந்தரமாகாததால் பயந்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். சார் முன்னால் நின்று வாயைத் திறப்பதே எனக்குப் பெரிய பாடாக இருந்தது.

கொத்தமங்கலத்துப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. மேலுரம் போட வாங்கிய யூரியா மூட்டை வீட்டில் இருந்தது. பாட்டிலில் இருந்த ஆங்கில எழுத்துகளையும் மூட்டையில் இருந்த எழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே பெயர். மூட்டையில் கூடுதலாக வேப்பெண்ணெய் பூசியது என்று தமிழிலும் போட்டிருந்தது. எங்கள் வீட்டில் அம்மை கண்டால் வேப்பிலை, வயிற்றில் பூச்சி என்றால் வேப்பங்கொழுந்து. வேம்பு யாருக்கு என்ன கெடுதல் செய்துவிடப் போகிறது என்று நினைத்தேன். ஒரு பை நிறைய எடுத்து வந்து, பீங்கான் கல்வத்தில் நுணுக்கி, டீ வடிகட்டியில் சலித்து, மீதியிருந்ததோடு கலந்து வைத்தேன். மறுநாள் அந்தப் பாட்டிலுக்கும் சேர்த்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன்.

அந்தப் பிள்ளை வேலையைத் தொடங்கி இரண்டாவது வாரம் சார் அறைக்குள் ஓடியது. கோடு ஒரே சரிவாக இறங்கவில்லை. நடுவில் ஒரு படி மாதிரி நின்று, அப்புறம் இறங்கியது. புரதம் பாதி பிரிந்த நிலையில் ஓர் இடத்தில் தங்குகிறது என்று அதற்கு அர்த்தமாம். இத்தனை வருஷமாகத் தேடியது அதைத்தான் என்று சார் சொன்னார். அன்றைக்கு அதிரசம் வாங்கி வந்து முதலில் எனக்குக் கொடுத்தார், இந்த முட்டைக்காக அதிகம் குழாய் கழுவியவன் நான்தான் என்று சொல்லி. நான் அதைத் தின்றேன். அப்போது எனக்குச் சந்தேகம் வரவில்லை. உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். நம்மால் வேலை தடைபடவில்லை என்று பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பிள்ளை வெளியூருக்குப் போய்ப் பெரிய கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசிவிட்டு வந்தது. கேட்ட வேறு ஊர்க்காரர்கள் செய்து பார்த்தார்கள். அவர்களுக்குப் படி வரவில்லை. அதற்குள் இங்கேயும் புதுப் பாட்டில் வந்துவிட்டது. சார் தானே உட்கார்ந்து மூன்று நாள் செய்தார். கோடு பழையபடி வழுக்கிக்கொண்டு இறங்கியது.

சார் சத்தம் போடுகிறவர் இல்லை. நான் தொட்டியில் குழாய் கழுவிக்கொண்டிருக்கும்போது அந்தப் பிள்ளையிடம் கேட்டார்.

"நம்பர் நீ பாத்ததா, நீ போட்டதாம்மா?"

அது நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனது. சாயங்காலம் எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்தது.

"அண்ணே, அந்தப் பழைய பாட்டில்ல ஏதும் மாத்துனீகளா? கோவிச்சுக்காதீக, சும்மாதான் கேக்குறேன்."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இல்லை என்று தலையை ஆட்டினேன். வாயால் பொய் சொல்லவில்லை என்று வீட்டுக்குப் போகிற வழியில் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தை மாதம் அது படிப்பை விட்டுவிட்டுப் போனது. போகும்போது என்னிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனது. கூட்டத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் சார், முன்பு சொன்னது தப்பு என்று கடிதம் எழுதினார். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளை எது கொண்டுவந்தாலும் மூன்று தடவை செய்யச் சொன்னார். யாருக்கும் அதிரசம் வாங்கிக் கொடுக்கவில்லை.

இந்த வருஷம் சார் ஓய்வு பெற்றார். அவருடைய அறையைக் காலி செய்யும்போது அலமாரி அடியில் அந்தப் பிள்ளையின் நோட்டு கிடைத்தது. நான் எழுத்துக் கூட்டித்தான் ஆங்கிலம் படிப்பேன். ஒரு பக்கத்தில் யூரியா வடிகட்டிய தாள் லேசாக மஞ்சளாக இருக்கிறது என்று எழுதியிருந்தது. லேசான வாடை என்றும் இருந்தது. சில பக்கம் தள்ளி ஒரு தேதிக்கு நேராக, அட்டெண்டரைக் கேட்டேன், எதுவும் மாற்றவில்லை என்றார் என்று இருந்தது. அந்தப் பிள்ளை என் தலையாட்டலை அப்படியே நம்பி, ஓர் அளவு மாதிரி குறித்து வைத்திருந்தது.

நோட்டைக் கொண்டுபோய்ச் சார் முன்னால் வைத்து, நின்றபடியே சொன்னேன். எத்தனை நிமிஷம் ஆனது என்று தெரியவில்லை. முடித்ததும் அவர் முதலில் கேட்டது இதுதான்.

"எம்புட்டுப் போட்டே?"

முக்கால் பாட்டில் என்றேன். வேப்பெண்ணெய்ப் பிசுக்கு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு படி மாதிரி காட்டியிருக்கும் என்று ஒரு தாளில் எதையோ எழுதிப் பார்த்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒம்பது வருசமா எனக்கு டீ வாங்கிக் குடுத்தியேப்பா. ஒரு நாளாச்சும் வாயில வரலையா?"

எனக்கு அப்போதும் தலையைத்தான் ஆட்ட வந்தது. ஆட்டாமல், "வரலை சார்" என்றேன்.

அவர் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பிள்ளையிடம் போனில் பேசினார். அது இப்போது நாட்டரசன்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். பிறகு ஒரு கடிதம் எழுதினார். அந்த மாணவி பார்த்ததைத்தான் எழுதினாள், தப்பு பாட்டிலில் இருந்தது, அவளைச் சந்தேகித்தது என் தப்பு என்று அதில் இருந்தது. முன்பு எழுதியவர்களுக்கெல்லாம் அதை அனுப்பினார். ஒரு பிரதியையும் நோட்டையும் என் கையில் கொடுத்து, நீயே கொண்டுபோய்க் கொடு என்றார்.

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நிற்கச் சொன்னார்கள். வேறு இடம் கிடைக்கவில்லையா என்று இருந்தது. அது வந்தது. கண்ணாடி போட்டிருந்தது. கடிதத்தை இரண்டு தடவை படித்து மடித்து வைத்துக்கொண்டது. நான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன்.

"சார் சொல்லிட்டாக" என்றது. பிறகு கேட்டது, "அந்த வாட என்னன்னு எத்தன நாளு யோசிச்சிருக்கேன் தெரியுமாண்ணே? எனக்கே என் மேல சந்தேகம் வந்துருச்சு. தூக்கத்துல கண்ட நம்பர எழுதிட்டோமோன்னு."

நோட்டை நீட்டினேன். அது நோட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்தது. எங்கே இருக்கிறது என்று தேடவே இல்லை. தன் பேனாவை நீட்டியது.

"நீங்களே எழுதுங்க. விதி தெரியும்ல?"

தரையில் உட்கார்ந்து முழங்காலில் நோட்டை வைத்துக்கொண்டு, மாற்றவில்லை என்ற ஆங்கில வார்த்தைகளின் மேல் ஒரு கோடு போட்டேன். கோடு நேராக வரவில்லை. பக்கத்தில் தமிழில், மாற்றினேன் என்று எழுதித் தேதி போட்டேன். அது குனிந்து பார்த்தது. மாற்றினேன் என்பதில் ஒரு றகரத்தை விட்டிருந்தேன். பிள்ளைகளுக்குத் திருத்துவது மாதிரி அதை மேலே எழுதிச் சேர்த்தது.

மணி அடித்தது. டீ குடிச்சிட்டுப் போங்க என்று அது சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனது. பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தபாலில் அனுப்பிவிடலாம். ஆனால் இந்தத் தடவை நேரில் போய்க் கொடுத்து, கேட்கிறதற்கெல்லாம் வாயால் பதில் சொல்ல வேண்டும் என்று இருக்கிறேன்.