கோடு இல்லாத பெட்டி

அக்காவை மருந்தடிப்பிலிருந்து எப்படியாவது வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்பதுதான் அந்த வருடம் முழுக்க என் கவலை. சிரம்பானை ஒட்டிய மம்பாவில் என் வீட்டில் ஓர் அறையைக் காலி செய்து, மெத்தை வாங்கிப் போட்டு, வா என்று கூப்பிட்டேன். "உன் வீட்டுல வந்து நான் என்னடி பண்றது? டிவிக்குத் துணையா உட்கார்றதா?" என்றாள். அவள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். அவளுக்கென்று மிச்சமிருந்தது எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடும், முதுகில் மருந்துப் பம்பைக் கட்டிக்கொண்டு செம்பனைக்கு நடுவே களைக்கு மருந்தடிக்கிற அந்தப் பெண்கள் கூட்டமும்தான்.

அவள் இளைத்துக்கொண்டே வந்தாள். சோறு இறங்கவில்லை. காலையில் வாந்தி எடுக்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரி போனில் சொன்னாள். அக்காவைக் கேட்டால், "காஸ்ட்ரிக் லா. நீ டாக்டரா?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

நான் டாக்டர் இல்லை. அந்தத் தோட்டத்தையும் வேறு பல தோட்டங்களையும் நடத்துகிற கம்பெனியின் சிரம்பான் தலைமை அலுவலகத்தில் எனக்கு வேலை. என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். உண்மையில் அது படம் போடுகிற வேலை. என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்று அதற்கு நீளமான பெயர் உண்டு. கம்பெனியின் இலக்குகளைத் தாளின் உச்சியில் எழுத வேண்டும். வெட்டிய பழம் அன்றைக்கே ஆலைக்குப் போக வேண்டும், வெளிநாட்டில் எண்ணெய் விற்கத் தேவையான தரச் சான்றிதழ் கைவிட்டுப் போகக்கூடாது, இப்படி. அதற்குக் கீழே அந்த இலக்குக்கு வேண்டிய வேலைகள். எல்லாவற்றுக்கும் கீழே அந்த வேலைகளைச் செய்கிற கம்ப்யூட்டர் புரோகிராம்கள், ஒவ்வொன்றும் ஒரு பெட்டியாக. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் உச்சிக்கு ஒரு கோடு போக வேண்டும். கோடு இல்லாத பெட்டி கம்பெனிக்குத் தண்டச் செலவு, அதை மூடிவிடலாம். நல்ல முறைதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எந்த மேனேஜரின் மச்சான் எழுதியது என்று தெரியாத எத்தனையோ புரோகிராம்களை அதை வைத்துத்தான் ஒழித்திருக்கிறேன், சந்தோஷமாகவே ஒழித்திருக்கிறேன்.

தோட்டத்துக் கிளினிக்கின் பெட்டிக்குக் கோடு இல்லை. அங்கே மருந்து கொடுக்கிறவரை இன்னும் டிரெஸ்ஸர் என்றுதான் கூப்பிடுகிறோம். மருந்து உடம்பைக் கெடுத்திருக்கிறதா என்று பார்க்க, மருந்தடிக்கிற பெண்களுக்கு அவர் இரத்தம் எடுத்து அனுப்புவார், முடிவு வந்ததும் அந்தப் புரோகிராமில் ஏற்றுவார். பிறகு ஆளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார். அதோடு சரி. கேட்டுக்கொண்டவள் மறுநாளும் பம்பைத் தூக்கிக்கொண்டு போனால் தடுக்க ஆள் இல்லை. மருந்தடிப்பை விட்டால் உதிரிப் பழம் பொறுக்கப் போக வேண்டும், கூட்டத்தை விட்டுப் பிரிய வேண்டும் என்பதால் பெண்கள் மூச்சுவிட மாட்டார்கள். அக்கா மூச்சுவிடாதவர்களுக்குத் தலைவி.

"இதை குளோஸ் பண்ணிடலாம். ஒரு இலக்கோடயும் லிங்க் இல்லையே," என்றார் என் பாஸ்.

"லிங்க் இல்லாம இல்ல சார். நாம போடல, அவ்வளவுதான்," என்றேன். சான்றிதழ்க்காரர்கள் வந்தால் தொழிலாளர் உடல்நலத்தைத்தான் முதலில் நோண்டுவார்கள் என்று சொல்லி, கிளினிக்கிலிருந்து மேலே ஒரு கோடு போட்டேன். பக்கவாட்டில் இன்னொன்று போட்டேன். எனக்கு வேண்டியது அந்த இரண்டாவது கோடுதான். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற மண்டோரின் போனுக்கு அது போனது. இரத்த முடிவு சரியில்லை என்று வந்தால், அந்தப் பெண்ணின் பெயரை மருந்தடிப்பில் சேர்க்க போன் விடாது.

பாஸ் படத்தை வெகுநேரம் பார்த்தார். "இது உங்க அக்கா வேலை செய்ற தோட்டம் இல்ல? அவங்களுக்காகப் பேசுறீங்களா, கம்பெனிக்காகப் பேசுறீங்களா?"

"ரெண்டுக்கும்தான். அதுல என்ன தப்பு?"

என் குரல் உயர்ந்துவிட்டது. அறையில் இருந்தவர்கள் மேசையைப் பார்த்தார்கள். பாஸ் ஒரு நிபந்தனை போட்டார். யாருக்கு என்ன நோய் என்று எங்கள் கண்ணுக்குத் தெரியக்கூடாது, மண்டோரின் கண்ணுக்கும் தெரியக்கூடாது. மண்டோருக்குப் பெயர் மட்டும் போகலாம், காரணம் போகக்கூடாது; எங்களுக்குப் பெயரும் வரக்கூடாது. நியாயமான பேச்சு. ஒப்புக்கொண்டேன். கிளினிக்கின் பெட்டி பிழைத்தது.

புது ஏற்பாடு தொடங்குவதற்கு முந்தின நாள் மாலை, மண்டோருக்குப் போனைப் பழக்கிக் கொடுக்கத் தோட்டத்துக்குப் போனேன். பொய்ப் பெயர்களை ஏற்றி, "நாளைக்குப் பெரட்டுல செய்ற மாதிரியே செஞ்சு காட்டுங்கண்ணே," என்றேன். பெரட்டு என்பது விடியற்காலையில் ஆபீஸ் முன்னால் எல்லோரும் கூடி நிற்பது. அங்கேதான் பெயர் கூப்பிட்டு யாருக்கு எந்த வேலை என்று சொல்வார்கள். மண்டோர் தொண்டையைச் செருமிக்கொண்டு, காலித் திடலைப் பார்த்து, போன் தடுத்த ஒரு பொய்ப் பெயரைக் கூப்பிட்டு, "மருந்தடிப்புக்கு வேணாம்!" என்று கத்தினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வயிற்றில் பிள்ளை இருந்தால் மருந்தடிக்கக்கூடாது. தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான். பெரட்டில் ஒரு பெண்ணை மருந்தடிப்பிலிருந்து நிறுத்தினால் உடனே மற்றவர்கள் சிரிப்பார்கள், எத்தனை மாதம் என்பார்கள், மாலையில் யாராவது மாங்காய் கொண்டுவந்து கொடுப்பார்கள். வேறு காரணத்துக்கு யாரையும் அங்கே நிறுத்திப் பார்த்ததே இல்லை. நான் அந்த லயத்தில் பிறந்தவள். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சிரம்பானில் உட்கார்ந்து கோடு போட்டபோது அது என் புத்தியில் ஏறவே இல்லை.

"அண்ணே, அதை மட்டும் சத்தமா சொல்லாதீங்க. தனியா கூப்பிட்டுச் சொல்லுங்க."

"பெரட்டுல தனியா கூப்பிட்டா இன்னும் மோசம்மா. என்னமோ இருக்குன்னு ஊரே பேசும்," என்றார் அவர். பொய் இல்லை.

காரில் உட்கார்ந்து பாஸுக்குப் போன் போட்டேன். ஒரு வாரம் தள்ளி வையுங்கள் என்றேன். ஜெனரல் மேனேஜர் காலையில் நேரில் பார்க்க வருகிறார், இப்போது போய் எதைத் தள்ளுவது என்றார். முதல் நாளே யாரையும் தடுக்காமலும் போகலாம், எதற்குப் பயப்படுகிறீர்கள் என்றார். அக்காவிடம் ஜாடையாகச் சொல்லலாமா என்று யோசித்தேன். என்ன சொல்வது? அவளுடைய முடிவு வந்துவிட்டதா என்பதே எனக்குத் தெரியாது. தெரியாத மாதிரித்தானே கட்டியிருந்தோம்.

விடியற்காலையில் பெரட்டுக்குப் போய் நின்றேன். ஜெனரல் மேனேஜர் பளபளக்கிற பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணியோடு நின்றார். அக்கா பம்பைக் கட்டிக்கொண்டு மருந்தடிக்கிற பெண்களோடு நின்றாள். என்னைப் பார்த்ததும், "என்னடி, எங்க கூட மருந்தடிக்க வந்தியா?" என்று கிண்டல் செய்தாள். கழுத்தெலும்பு தனியாகத் தெரிந்தது.

வெட்டு ஆட்களின் பெயர்கள் போயின. உரம் போடுகிறவர்களின் பெயர்கள் போயின. மருந்தடிப்புக்கு வந்ததும் மண்டோர் போனை இரண்டு முறை அழுத்தினார், கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அக்காவின் பெயரைச் சொன்னார். முந்தின நாள் கத்தினதில் பாதிச் சத்தம்தான். ஆனால் பெரட்டில் அந்த நேரம் காகம்கூடக் கத்தவில்லை.

"மருந்தடிப்புக்கு வேணாம்."

பின்னால் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். புருஷன் செத்துப் பல வருடமான பெண்ணின் வயிற்றை எத்தனை கண்கள் பார்த்தன. ஓடிப்போய் அவள் முன்னால் நின்று மறைக்க வேண்டும் போலிருந்தது.

"ஏன் வேணாம்?" என்றாள் அக்கா.

"காரணம் காட்டலையேம்மா."

காரணம் வராது. அதைத்தான் அவ்வளவு கவனமாக மறைத்து வைத்திருந்தோம்.

டிரெஸ்ஸர் கிளினிக்கிலிருந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தார். முடிவு முந்தின நாள் மாலைதான் வந்தது, காலையில் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றிருந்தார். அவருக்கு முன்னால் போன் சொல்லிவிட்டது. "உள்ள வாம்மா, பேசலாம்," என்று அக்காவின் கையைத் தொட்டார்.

அவள் கையை உதறினாள். "உள்ள வந்தா வெளிய வேற பேசுவாங்க சார். இங்கயே சொல்லுங்க. சத்தமா சொல்லுங்க."

அவர் ஜெனரல் மேனேஜரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஈரல் ரொம்பக் கெட்டிருக்கும்மா. பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகணும்."

அக்கா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "ஈரலாம். கேட்டுச்சா எல்லாருக்கும்? பின்னால சிரிச்சவளுக்குக் கேட்டுச்சா?" சிரித்தவள்தான் முதலில் வந்தாள். அழுதுகொண்டே அக்காவின் தோளிலிருந்து பம்பைக் கழற்றினாள்.

ஜெனரல் மேனேஜர் போகிற போக்கில் என்னிடம், "சிஸ்டம் நல்லா வேலை செய்யுது," என்றார். அவரை அறையலாம் என்று தோன்றியது. பாவம், அவர் மனதாரத்தான் சொன்னார்.

அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். சிரம்பானை நெருங்கி லோபாக் வரும்வரை அவள் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதுக்கா. பேர் எங்க கண்ணுக்கு வராது. அப்படித்தான் வச்சிருக்கோம்."

"தெரிஞ்சிருந்தா?"

"நிறுத்தியிருப்பேன். எப்படியாவது நிறுத்தியிருப்பேன்."

"அப்போ வேற ஒருத்தியா இருந்தா பரவாயில்லையா?" கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். "எனக்கு வாய் இருக்கு, கேட்டுட்டேன். வாய் இல்லாத பொண்ணு அங்க நின்னிருந்தா என்னடி பண்ணியிருப்பா? லயத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டு என்ன பண்ணியிருப்பா?"

எனக்குக் கோபம் வந்தது. உன்னைக் காப்பாற்றத்தானே இத்தனை பேரோடு சண்டை போட்டேன் என்று வாய்வரை வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி பாஸுக்குப் போன் போட்டேன். நாளைக்குப் பெரட்டில் அது ஓடக்கூடாது, டிரெஸ்ஸர் ஆளிடம் சொன்ன பிறகுதான் மண்டோருக்குப் போக வேண்டும், இல்லையென்றால் நான் போட்ட கோட்டை நானே அழித்துவிடுவேன் என்றேன். ஜி.எம். ரொம்ப ஹேப்பி, இப்போது போய் மாற்றினால் என்ன காரணம் சொல்வது என்றார் அவர். மூன்றாவது தடவையாக அதையே கேட்டபோது அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"சார், நான் காலையில பெரட்டுல நின்னவ பேசுறேன். காரணம் நான் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?"

அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் வந்தது. பிறகு, "சொல்லுங்கம்மா," என்று கேட்டது. அக்கா சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, மண்டோர் தன் பெயரைக் கூப்பிட்டதிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.