கார்பைடு சகதியும் ஒரு வரியும்

காலையில் அவுட்லெட் தண்ணீரில் அம்மோனியா எகிறிக் கிடந்தது. முதல் நாள் வரை ஒழுங்காக ஓடிய பிளான்ட். மறுபடி டெஸ்ட் பண்ணினேன், அதே ரீடிங்.

தொண்ணூறுகளின் கடைசி. திருத்தணிக்கு வெளியே, கனகம்மாசத்திரம் ரோட்டில், தோல் கழிவைக் காய்ச்சிப் பசை எடுக்கிற ஃபாக்டரி. அதன் கழிவுநீர் பிளான்ட்டில் நான் கெமிஸ்ட். ஆபரேட்டர் முனிரத்தினம், பள்ளிப்பட்டுக்காரர், பதினோரு வருட சர்வீஸ். ஏரேஷன் டேங்கில் வளர்கிற பாக்டீரியாதான் அம்மோனியாவைத் தின்று தீர்க்கும். அதற்கு ப்ளோயர் காற்று வேண்டும். தண்ணீர் புளித்துப் போகாமலிருக்கச் சுண்ணாம்பும் வேண்டும்.

மேனேஜர் முனிரத்தினத்தைப் பிடித்துக்கொண்டார். ப்ளோயரை நிறுத்திவிட்டுத் தூங்கினானாம்.

டேங்க் பக்கம் போனதுமே எனக்கு மூக்கில் ஏறியது வெல்டிங் பட்டறை நாற்றம். விசாரித்தால், முந்தின நாள் மேனேஜரே, பட்டறையில் வெல்டிங்குக்கு கேஸ் எடுத்தது போகச் சும்மா கிடந்த கார்பைடு சகதியை இரண்டு டிரம் கொண்டுவந்து கொட்டச் சொல்லியிருக்கிறார். அதுவும் சுண்ணாம்புதானே என்று! அதில் கரையாத கார்பைடு கட்டி மிச்சமிருந்தால் தண்ணீர் பட்டதும் அசிட்டிலீன், அதாவது வெல்டிங் கேஸ், கிளம்பும். அந்த கேஸ் பாக்டீரியாவைக் கொல்லாது. அம்மோனியாவைப் பிடிக்கிற என்சைமை மட்டும் முடக்கிப் போடும். முடங்கியது திரும்பாது. கேஸ் போன பிறகு பாக்டீரியா புதிதாக என்சைம் செய்தாக வேண்டும். சுற்றிலும் அம்மோனியா இருந்தால் செய்யும், நாள் பிடிக்கும். இதெல்லாம் நான் காலேஜில் படித்தது.

மேனேஜரிடம் சொன்னேன். "வாயால சொன்னா போதும்மா. ரிஜிஸ்டர்ல எழுதிக்கினு இருக்காத" என்றார்.

முனிரத்தினம் லேப் வாசலில் வந்து நின்றார். "ப்ளோயர் ஓடிக்கினுதான் இருந்துச்சு மேடம். நீங்க ஒரு வரி எழுதுங்க, போதும்."

"கன்ஃபர்ம் பண்ணிட்டு எழுதுறேங்க" என்றேன்.

பயம்தான், வேறென்ன? வேலைக்குச் சேர்ந்து வருஷம்கூட ஆகவில்லை. படித்தவள் என்கிற பவிசு வேறு. இரண்டு பாட்டிலில் டேங்க் தண்ணீரை எடுத்து, ஒன்றில் மட்டும் கார்பைடு போட்டு வைத்துக்கொண்டு நாளைக் கடத்தினேன். மூன்றாம் நாள் அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் அம்மோனியா மளமளவென்று இறங்கியது. புது என்சைம் வந்துவிட்டது. பாட்டிலிலும் என் கணக்கு சரியாகவே வந்திருந்தது: கார்பைடு போடாததில் அம்மோனியா இறங்கியது, போட்டதில் அப்படியே நின்றது. நோட்டைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் ரூமுக்கு ஓடினேன். அவர் ரீடிங்கை மட்டும் பார்த்தார்.

"பாத்தியாம்மா? அவன் போனான், பிளான்ட் சரியாயிடுச்சு."

நான் சொன்ன மிச்சத்தை அவர் காதில் வாங்கவே இல்லை. என் கையால் எழுதிய ரீடிங்கே முனிரத்தினத்துக்கு எதிரான சாட்சியாகி ஃபைலுக்குள் போனது. அந்தச் சந்தோஷத்தில் மேனேஜர் மலைக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்து, எல்லோருக்கும் பிரசாதம் கொடுத்தார். நானும் கை நீட்டி வாங்கித் தின்றேன், வெட்கங்கெட்டவள்.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். சந்தேகமாக இருந்தால் சந்தேகம் என்றே எழுதுங்கள், அன்றைக்கே, தேதி போட்டு. டேங்க் தானாகத் தேறிவிடும். தேறின பிறகு நீங்கள் என்ன எழுதினாலும், போன ஆளுக்கு வேலை திரும்பக் கிடைக்காது.