நான் பிடித்த பறக்கும் தட்டு

அந்துவான் மாமாவின் வீடியோ கேமரா, தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் இழுக்கும்போது, காதுக்குள் கொசு நுழைந்ததைப் போல 'ஙொய்ங்' என்று ஒரு சத்தம் போடும். மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய என் தம்பியின் புதுநன்மை விருந்து முடிந்து, மொட்டை மாடியில் பிரியாணி வாசனை இன்னும் அடங்காத அந்தச் சாயங்காலம், மாமா மேற்கு வானத்தைப் பார்த்துக் கேமராவைத் தூக்கிப் பிடித்தபோதும் அந்தச் சத்தம் கேட்டது. நான் எச்சில் இலைகளை வாரிக்கொண்டிருந்தேன், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மாமா என் அம்மாவுக்கு அண்ணன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று பிரெஞ்சு நாட்டிலேயே தங்கிவிட்டவர். எங்கள் பக்கத்துப் பேச்சில் 'சொல்தா'. செல்போனில் கேமரா பரவாத, இரண்டாயிரங்களின் தொடக்க வருடங்கள் அவை. முன்பெல்லாம் அவர் லீவில் வந்தால், பனி எப்படிக் கொட்டும், ரயில் எவ்வளவு வேகம் போகும் என்று கேட்க உழவர்கரையில் எங்கள் காலனியே கூடும். அந்த முறை யாரும் எதுவும் கேட்கவில்லை, கேபிள் டிவி எல்லாவற்றையும் காட்டிவிட்டிருந்தது. மாமா கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் தனியாகவே நடந்துகொண்டிருந்தார்.

அன்று இரவு கேமராவை டிவியோடு இணைத்து விருந்தைப் போட்டுப் பார்த்தோம். கடைசியில் அது வந்தது. கறுத்த வானத்தில் தட்டளவு பெரிய வெளிச்சம் நடுங்கிக்கொண்டு நின்றது. பச்சையும் ரோஸுமாக நிறம் மாறியது. இரண்டு ஓரங்களிலும் யாரோ கடித்து வைத்ததைப் போலப் பள்ளம். கூடத்தில் எல்லாரும் டிவிக்குக் கிட்டே நகர்ந்தார்கள்.

"பட்டாளத்துல நான் பாக்காத வெளிச்சமா? இது ஏரோப்ளேன் இல்ல" என்றார் மாமா, குரலைத் தாழ்த்தி.

எனக்கு அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் படித்த நான், காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போகும்போதெல்லாம் மேற்கே அந்த வெள்ளியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"மாமா, அது வெள்ளிங்க மாமா. தெனம் அங்கதான் இருக்குது."

"மே நோன்!" மறுப்பதற்கெல்லாம் அவர் சொல்லும் சொல் அது. "வெள்ளி இம்மாம் பெருசா இருக்குமா? ஓரத்துல பள்ளம் இருக்குமா?"

பள்ளத்துக்கும் என்னிடம் பதில் இருந்தது. அதே கேசட்டில், தம்பி கேக் வெட்டும் இடத்தில் கேமரா ஒரு நொடி தெளிவு தப்பும். அப்போது பின்னால் தொங்கிய சீரியல் பல்புகள் எல்லாம் ஊதிப் பெருத்து வட்டமாகும். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஓரத்தில் அதே பள்ளம். அப்படியானால் பள்ளம் வானத்தில் இல்லை, கேமராவுக்குள் இருக்கிறது. "அந்த எடத்தத் திருப்பிப் போடுங்க மாமா" என்று கெஞ்சினேன். கேசட் தேய்ந்துவிடும் என்றார். ஆனால் தட்டை மட்டும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் போட்டுக் காட்டினார். வாசலில் செருப்பு விட இடமில்லை. மாமாவின் நாற்காலியைச் சுற்றி மறுபடியும் ஆட்கள்.

"உட்ரும்மா, லீவு முடிஞ்சா போயிடப் போறாரு" என்றார் அப்பா. எனக்கு விடமுடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலப் பூசைக்குக் கிளம்பிய மாமாவிடம் கேட்டுக் கேமராவை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டைப் பக்கம், உயரமான கம்பத்தில் மஞ்சள் விளக்கு ஒன்று எரியும். முதலில் கம்பம் தெரிய அதைத் தெளிவாகப் பிடித்தேன். "இது தட்டாஞ்சாவடி லைட்டு, இப்ப கலைக்கப் போறேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, லென்ஸ் வளையத்தைத் திருகித் தெளிவைக் கலைத்தேன். விளக்கு உப்பி, நடுங்கி, ஓரங்களில் பள்ளத்தோடு அசல் பறக்கும் தட்டு ஆயிற்று. மறுபடி திருகினேன்; மறுபடியும் கம்பம், விளக்கு. இதற்கு மேல் யாரால் மறுக்க முடியும் என்று படி இறங்கும்போது கால் தரையில் பாவவில்லை.

கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்துப் போட்டேன். மாமா கடைசி வரைக்கும் பார்த்தார். பிறகு என் தலையில் கை வைத்துச் சொன்னார்:

"மொதல்ல வந்தது லைட்டு. கடைசில வந்தது லைட்டு. நடுவுல வந்துது பாரு, அது வேற. ஒனக்கும் காட்சி குடுத்துட்டுப் போயிருக்குது."

கூடம் தலையாட்டியது. நான் அழுதேவிட்டேன். பயந்துவிட்டேன் என்று நினைத்து அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

அடுத்த நாள் உள்ளூர் கேபிள் சேனலில் இருந்து ஒருவர் வந்து இரண்டையும் பதிவு செய்துகொண்டார். வாசல் வரைக்கும் அவர் பின்னாலேயே போய், என்னுடையதை முழுசாகப் போடச் சொன்னேன். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சிரித்தார். "லைட்டுன்னு போட்டா எவன் பாப்பான் பாப்பா?"

நடுப்பகுதியை மட்டும் போட்டார்கள். நான் பேசியதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பேய்ப்பட இசை. கீழே என் முழுப்பெயர், வகுப்பு, 'நேரில் கண்ட மாணவி'. பிள்ளைச்சாவடியில் ஒருவருடைய படகு இன்ஜின் பாதிக் கடலில் நின்றதுகூட இதனால்தான் என்று ஊர் பேசியது. "டிவில பேரு வருது, சும்மா இரேன்டி" என்றாள் அம்மா. பள்ளியில் அறிவியல் டீச்சர் காலைக் கூட்டத்தில் என்னை மேடையேற்றினார். "அது தெரு வெளக்கு, டீச்சர்" என்று மைக்கிலேயே சொன்னேன். "எவ்ளோ அடக்கம் பாருங்க" என்று அவர் கைதட்ட, பள்ளிக்கூடமே கைதட்டியது. பத்தாம் வகுப்பு முடியும் வரை என் பெயர் 'தட்டு'.

மாமா இப்போது இல்லை. கடைசியாகத் தொலைபேசியில் பேசியபோதுகூட, "நாம ரெண்டு பேருந்தான் பாத்தோம்" என்று பெருமையாகச் சொன்னார். உடம்பு முடியாத மனிதரிடம் நானும் மறுபடி வெள்ளியைப் பற்றி ஆரம்பிக்கவில்லை. அந்த சேனலை மூடிவிட்டார்கள். கேசட்டில் பூஞ்சை பிடித்து, படமே வரவில்லை. மேற்குப் பக்கம் அடுக்குமாடி எழும்பி, எங்கள் மொட்டை மாடியில் இருந்து வெள்ளி தெரிவதில்லை. தொழிற்பேட்டையில் அந்த உயரக் கம்பமும் இல்லை, இப்போது எல்லாம் வெள்ளை விளக்குகள். என் பக்கத்துக்குச் சாட்சி சொல்ல இருந்தவை ஒவ்வொன்றாகப் போய்விட்டன. வதந்திக்கு மட்டும் ஒரு கீறலும் இல்லை.

போன மாதம் காய்கறிக் கடையில், எங்கள் பழைய காலனிக்காரப் பெண் ஒருத்தி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். கையைப் பிடித்துக்கொண்டு, கூட வந்த மகளிடம், "இந்த அக்காதான்டி பறக்கும் தட்ட வீடியோ புடிச்சவங்க" என்றாள். அந்தச் சிறுமி கண்களை அகல விரித்து என்னைப் பார்த்தாள்.

"உள்ள யாராவது இருந்தாங்களாக்கா?"

குனிந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னேன். "யாரும் இல்லடா கண்ணு. உள்ள பல்புதான் இருந்துச்சு. எரியற பல்பு."

சிறுமி தாயைப் பார்த்தாள். தாய் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பாத்தியா? நான் சொன்னேன்ல, உள்ள வெளிச்சம் இருந்துச்சாம்."