தையல்நாயகி பேசிய பேரம்

பூதலூருக்குத் தெற்கே உள்ள அந்தச் சின்ன ஊரில் வியாபாரிகள் எல்லோரும் சிவசாமியிடம் விலை பேசவே விரும்புவார்கள். அவர் மனைவி தையல்நாயகியிடம் மாட்டிக்கொள்ள யாருக்கும் மனசு வராது. உரக்கடைக்காரரோ, டிராக்டர்காரரோ, நாற்று விற்க வந்தவரோ, முதலில் சொன்ன விலை அவள் முன்னால் நின்றதில்லை. "கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்பாள். குரல் உயராது. எதிராளி இறங்கி வரும்வரை நின்ற இடத்தைவிட்டு நகரவும் மாட்டாள். நாலு ஏக்கர் குத்தகை நிலத்தை வைத்துக்கொண்டு பெண்ணைக் கட்டிக் கொடுத்ததும் பையனைப் படிக்க வைத்ததும் அந்த ஒரு வாக்கியத்தில்தான். நாற்பத்தாறு வயதில் அது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகியிருந்தது.

ஐப்பசியில் குறுவை அறுத்த அன்று வயலில் ஈரம் காயவில்லை. டயர் வண்டி புதையும் என்பதால் செயின் வைத்த அறுவடை மிஷினைப் பேசியிருந்தாள். வாடகை மணிக்கணக்கு. வாடகையைவிட வானம்தான் அவளை விரட்டிக்கொண்டிருந்தது. வடகிழக்கில் மேகம் கட்டி, காற்று குளிர்ந்துபோயிருந்தது.

மிஷின் வயலைச் சுற்றிச் சுற்றி அறுக்க அறுக்க, எலிகள் நிற்கிற பயிருக்குள்ளேயே ஒதுங்கிக்கொண்டு போகும். கடைசியில் நடுவில் ஒரு பட்டை மிஞ்சும். அதில் மிஷின் இறங்கியதும் எலிகள் வெளியே கொட்டும். அப்போது நாய்களை விட்டுப் பிடிப்பார்கள். தப்பின எலி அடுத்து வருகிற சம்பாப் பயிருக்கு வரப்பெல்லாம் வளை தோண்டிவிடும் என்பதால் இந்த வேட்டையை யாரும் விளையாட்டாக நினைப்பதில்லை. தையல்நாயகியின் நாய் செவலை அதில் கெட்டிக்காரன். ஆனால் நாயை மிஷினுக்குப் பின்னால் நின்று விட வேண்டும். எலி திரும்பி ஓடிவரும், நாய் அங்கேயே கவ்விக்கொள்ளும். அன்றைக்கு மழைக்குப் பயந்த அவசரத்தில் அவள் மிஷினுக்கு எதிர் வரப்பில் நின்றிருந்தாள். அங்கிருந்தே கழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

செவலை பயிருக்குள் பாய்ந்தான். மிஷின் சத்தத்துக்கு மேலே ஒரு கத்தல் கேட்டது. டிரைவர் நிறுத்திவிட்டுக் குதித்தபோது நாய் முன் கால்களால் ஊர்ந்து வெளியே வந்துகொண்டிருந்தது. வலது பின்னங்கால் முழங்காலுக்குக் கீழே தோலில் தொங்கியது. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

"நான் பாக்கலம்மா. பயிருக்குள்ள தெரியலம்மா" என்றார் டிரைவர்.

"நீங்க என்ன செய்வீங்க. நான் விட்ட எடம் அப்படி" என்றாள் தையல்நாயகி. சொல்லிக்கொண்டே கீழே கிடந்த வைக்கோலை முறுக்கிப் பிரியாக்கினாள். கதிர்க்கட்டுக்குப் போடுகிற அதே இறுக்கத்தில் தொடையில் சுற்றி முடிச்சுப் போட்டாள். பீறிட்டுக்கொண்டிருந்த ரத்தம் நின்றது.

வண்டி ஒன்றுதான் இருந்தது, ஜெகனின் குட்டியானை. அவன் சிவசாமிக்கு அண்ணன் முறைக்காரரின் மகன். கொள்முதல் நிலையத்துக்கு நெல்லை ஏற்றிப்போக வந்து நின்றிருந்தான். தார்ப்பாயில் நெல் மலையாகக் கிடந்தது.

"சித்தி, மொதல்ல நாயத் தூக்கிட்டுப் போயிடுவோமா?"

சிவசாமி மனைவியைப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள். இந்த நெல் நனைந்தால் ஈரம் கூடிவிட்டது என்று நிலையத்தில் தள்ளி வைப்பார்கள். பிறகு முளைக்கும். ஆடியிலிருந்து பட்டதெல்லாம் தண்ணீரோடு போகும்.

"மொதல்ல நெல்லு" என்றாள். "மூட்டய ஏத்து."

சிவசாமி சாக்கை எடுத்து விரித்தார். மூட்டை பிடித்து, ஏற்றி, நிலையத்தில் இறக்கி, சிவசாமியை அங்கே காவல் வைத்துவிட்டு ஜெகன் திரும்புகிறவரை அவள் வரப்பில் செவலையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாய் கத்தவில்லை. அவள் விரல்களை நக்கிக்கொண்டிருந்தது. அது கத்தியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. இடையில் அரசுக் கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டாள். அவர் எங்கோ ஒரு ஊரில் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார். "எலும்பு தெரியுதுன்னா காத்திருக்காதீங்க. தஞ்சாவூர் போயிடுங்க" என்றார். காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. ஜெகன் வந்தபோது தூறல் ஆரம்பித்திருந்தது.

தஞ்சாவூர் கிளினிக்கில் பெஞ்சு முழுக்க ஆட்கள். வாசலில் செவலையைக் கிடத்திய, ரத்தக்கறை படிந்த சாக்கைத் தூக்கிக்கொண்டு இருவரும் நுழைந்ததும் உள்ளேயிருந்த பெண் ஓடி வந்து செவலையை வாங்கிப் போனாள். டாக்டர் பார்க்கிறார், உட்காருங்கள் என்றாள். பக்கத்தில் ஒரு பெரியவர், மடியில் சடைமுடியோடு வயசான வெள்ளை நாய். அதன் முன்னங்காலில் டிரிப்ஸ் ஊசியை வைத்து ஒட்டியிருந்தார்கள். என்ன ஆயிற்று என்று ஜெகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"மிஷின் ஓடறப்ப நாய அவுத்து விடலாமா? வளக்கத் தெரிஞ்சவங்கதான் வளக்கணும்."

"நீங்க மடியில வச்சு வளக்கறீங்க சார்" என்றாள் தையல்நாயகி, அவர் பக்கம் திரும்பாமல். "எங்களுது வேலைக்குப் போற நாயி."

பெரியவர் தன் நாயின் சடையைக் கோதினார். ஆனால் அவர் சொன்னது அவளுக்குள் இறங்கிவிட்டது.

டாக்டர் கவிப்ரியா அவளை உள்ளே கூப்பிட்டார். முப்பத்தைந்து வயதிருக்கும். செவலைக்கு வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. வைக்கோல் பிரியை வெட்டி எடுத்து ஒரு தட்டில் போட்டிருந்தார்.

"யாரு கட்டினது?"

"நாந்தான்."

"இது இல்லன்னா வழியிலயே போயிருக்கும்." டாக்டர் இடுக்கியால் செவலையின் பாத விரலை அழுத்தினார். நாய் அசையவில்லை. "ஆனா ரொம்ப நேரம் கட்டியிருந்திருக்கு. கீழ சில்லுன்னு இருக்கு பாருங்க. காலைக் காப்பாத்திப் பாக்கணும்னா கம்பி வைக்கணும், தோல் வச்சு மூடணும், ரெண்டு மூணு ஆபரேஷன். அப்பவும் உறுதி இல்ல."

செலவைச் சொன்னார். தையல்நாயகி அதை மூட்டையாக்கிப் பார்த்தாள். ஒரு ஏக்கர் நெல். உழுது, நட்டு, களை பறித்து, உரம் போட்டு அறுத்த ஒரு முழு ஏக்கர்.

"கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க டாக்டரம்மா."

வாயிலிருந்து அதுவாக வந்துவிட்டது. வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஆனால் டாக்டர் கோபப்படவில்லை.

"கொறையற வழி ஒண்ணு இருக்கு. காலை மேலயே எடுத்துடணும். அப்படின்னா மூணுல ஒரு பங்குதான் ஆகும். இன்னொண்ணையும் சொல்லிடறேன், மறைக்கக் கூடாது. ஊசி போட்டுத் தூங்க வச்சிடலாம். முடியாம அப்படிச் செய்யறவங்கள நான் தப்பா நெனைக்கறதில்ல. நீங்க எது சொன்னாலும் சரி. ஆனா சீக்கிரம் சொல்லுங்க. கால் செத்துக்கிட்டு இருக்கு, விஷம் மேல ஏறிடும்."

தையல்நாயகிக்கு இத்தனை வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. அவள் குறைக்கக் கேட்டாள். எதிரில் இருப்பவர் குறைத்தார். குறைந்துபோனது ஒரு கால்.

வெளியே வந்து சிவசாமியைப் போனில் பிடித்தாள். அந்தப் பக்கம் தார்ப்பாயில் மழை விழுகிற சத்தம். எவ்வளவு என்று சொன்னாள்.

"நாய்க்கா?" சிவசாமி குரலைத் தாழ்த்தினார். "ஊர்ல கேட்டா சிரிப்பாங்க தையலு."

"சிரிக்கட்டும். அங்க நெல்லு வியாபாரி நிக்கிறாரா?"

"நிக்காம இருப்பானா. மழையப் பாத்துட்டு அடிமாட்டு வெலைக்குக் கேக்கறான். நம்ம மூட்டைக்கு எடை போட இன்னும் ரெண்டு நாளாவுமாம்."

"அவரு கேக்கற வெலைக்கே இருபத்தஞ்சு மூட்டயக் குடுத்துடுங்க. பணத்த ஜெகன் நம்பருக்குப் போடச் சொல்லுங்க."

"நீயா சொல்ற?"

"நாந்தான். பேசிக்கிட்டு நிக்காதீங்க."

உள்ளே போய், "எடுத்துடுங்க டாக்டரம்மா. உயிரு இருந்தாப் போதும்" என்றாள். கையெழுத்துப் போடுகிறபோது விரல்கள் ஒட்டின. நகக்கண்ணில் ரத்தம் காய்ந்திருந்தது.

கதவைச் சாத்தினார்கள். ஜெகன் டீ வாங்கி வந்தான். அவள் குடிக்கவில்லை. மயக்க மருந்து கொடுத்தால் நாயின் இதயம் ரத்தம் போன உடம்பில் தாங்குமா என்று சொல்ல முடியாது என்பதையும் டாக்டர் சொல்லியிருந்தார். கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கருவி விட்டு விட்டுக் கத்திக்கொண்டிருந்தது. அது நின்றுபோகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப சொன்னத மனசுல வச்சுக்காதீங்கம்மா" என்றார் பக்கத்துப் பெரியவர். "இதுக்குக் கிட்னி போயிடுச்சு. எம் பென்ஷன்ல பாதி இங்கதான் வருது. மகன்கிட்ட மருந்து பில்லக் காட்டறதில்ல, திட்டுவான். மொதல் நாள் நானும் ஊசியப் போட்டு முடிச்சிடுங்கன்னு சொல்லிட்டுத்தான் வெளிய போனேன். ஸ்கூட்டர ஸ்டார்ட் பண்ண முடியல. திரும்பி வந்துட்டேன்."

தையல்நாயகி முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அது பேரு என்ன?"

"பப்லு."

"பப்லுவுக்கு என்ன குடுக்கறீங்க, சோறா?"

"சோறுதான். உப்பில்லாம."

கருவி கத்திக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் வேகமாகக் கத்தியது. உள்ளே யாரோ ஓடுகிற சத்தம். தையல்நாயகி எழுந்து கதவருகே போய் நின்றாள். ஜெகன் "சித்தி, உக்காருங்க" என்றான். அவள் உட்காரவில்லை. கத்தல் மெல்லப் பழையபடி நிதானத்துக்கு வந்தது. அப்போதும் அங்கேயே நின்றாள்.

டாக்டர் வெளியே வந்தபோது முகத்தில் வேர்வை. "நடுவுல கொஞ்சம் பயமுறுத்திட்டான். இப்ப பரவாயில்ல" என்றார்.

தையல்நாயகி தலையாட்டினாள். பிறகு கேட்டாள், "அடிபட்ட ஒடனே வந்திருந்தா கால் நின்னிருக்குமா?"

கேட்டுவிட்டு டாக்டரின் முகத்தை, விலை சொல்கிறவர் முகத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பொய் வந்தால் அவளுக்குத் தெரிந்துபோகும்.

"நின்னிருக்கலாம்" என்றார் டாக்டர். "எதுக்குக் காத்திருந்தீங்க?"

"நெல்லு நனையும்னு."

டாக்டர் முகத்து வேர்வையைத் துடைத்தார். "நான் திருவையாத்துக்காரிதான். எங்கப்பாவும் தார்ப்பாயப் புடிச்சுக்கிட்டு நின்னவரு. நெல்லப் போட்டுட்டு வந்திருந்தீங்கன்னா இந்த ஆபரேஷனுக்கே உங்களால சரின்னு சொல்லியிருக்க முடியாது. அப்ப தூங்க வைக்கற அந்த மூணாவது வழிதான். இன்னொண்ணு, நீங்க கொறைக்கச் சொன்னதால கால் போகல. காலைத் தொட்டப்பவே எனக்குத் தெரியும், எடுக்கத்தான் வேணும்னு."

"அப்பறம் ஏன் மொதல்ல பெரிசச் சொன்னீங்க?"

"காப்பாத்துங்கன்னு தூக்கிட்டு வர்றவங்ககிட்ட எடுத்த எடுப்புல வெட்டறேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. தப்புதான்."

தையல்நாயகி சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் சிவசாமி பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். வேட்டி முழுக்க நனைந்து, தலையில் நெல் தூசி அப்பியிருந்தது. உள்ளறையில் செவலை கண்ணை அரைகுறையாகத் திறந்து படுத்திருந்தான். இடுப்புக்குக் கீழே வெள்ளைக் கட்டு. கால் இருந்த இடத்தை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாந்தான் மொதல்ல நெல்லுன்னேன்" என்றாள் தையல்நாயகி.

"நானும் அங்கதான நின்னேன். வாயத் தொறக்கலியே."

அவர் குரல் கேட்டு நாய் தலையைத் தூக்கியது. முன்னங்கால்களை ஊன்றி எழப் பார்த்தது. பின்பக்கம் சறுக்கி ஒருபுறமாக விழுந்தது. இருவரும் ஒரே சமயத்தில் கையை நீட்டினார்கள்.

"தூக்காதீங்க" என்றார் வாசலில் நின்ற டாக்டர். "இனிமே அதுவாத்தான் எந்திரிச்சுப் பழகணும்."

கைகள் நீட்டியபடியே நின்றன. செவலை மறுபடி முயன்றான், மறுபடி விழுந்தான். கட்டின் ஓரத்தில் சிவப்பு கசிந்தது. நாய் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்துவிட்டு, இந்த முறை சுவரோடு உடம்பை ஒட்டிக்கொண்டு, மிச்சமிருந்த பின்னங்காலை நடுவாக்கி ஊன்றி, ஆடிக்கொண்டே நின்றது. நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்தது. அது தரையில் ஓடி சிவசாமியின் பாதத்தைத் தொட்டது. அவர் நகரவில்லை.

"பேஞ்சிட்டானா? நல்லது" என்றார் டாக்டர். "அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். ரத்தம் போன உடம்புல கிட்னி வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

தையல்நாயகி துடைக்க ஒரு துணி கேட்டாள்.