தானாக எரியும் விளக்கு

அன்று ஆபரேட்டர் அறையில் நாலு பேர் இருந்தோம். தியாகராய நகர் தியேட்டர் முதலாளி, புது விளக்கை மாட்ட பம்பாயிலிருந்து வந்த பிட்டர், மூத்த ஆபரேட்டர் கண்ணையன், நான்.

புரொஜக்டருக்குள் எரிந்து குறைகிற கார்பன் குச்சியைப் படம் முடிகிறவரை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரை இருண்டுவிடும். அதற்குத்தான் எங்கள் இருவருக்கும் சம்பளம். புதிதாக வந்த செனான் விளக்கோ தானாக எரியுமாம். நான் எட்டாவதோடு நின்றவன். அது வரப்போகிறது என்று கேட்டதிலிருந்தே எனக்குத் தூக்கமில்லை.

"அப்ப ஒரு ஆளு போதும்ல?" என்றார் முதலாளி. கண்ணையன் என்னைப் பார்க்கவில்லை.

பிட்டர் ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டே சொன்னார்: "பல்பு வெடிச்சா மெயினை அணைக்க ஒருத்தர், ஜனங்களை வெளியே அனுப்ப ஒருத்தர் வேணும். ரெண்டு பேர் இல்லேன்னா நான் மாட்டித் தரமாட்டேன்."

முதலாளி முனகிக்கொண்டே இறங்கிப் போனார்.

மூவரும் டீக்கடைக்குப் போனபோது பிட்டரிடம் கேட்டேன்: "நெஜமாவே வெடிக்குமா சார்?"

"வேலை தப்பிச்சுது நைனா. இப்ப அதுக்கு வேற பயந்துகினு கீறியா?" என்றார் கண்ணையன்.

"நான் மாட்டினது வெடிக்காது" என்று சிரித்த பிட்டர், மூன்று டீக்கும் அவரே காசு கொடுத்தார். "அடுத்த தடவை நீ குடு."

மெஷின் கெடவே இல்லை. அவர் திரும்ப வரவும் இல்லை. அதன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து, வெடித்துவிடுமோ என்று பயந்தே களைத்துப் போனேன். அந்தக் களைப்பில்தான் என் வீட்டில் அடுப்பு எரிந்தது. அவருக்கு நான் தர வேண்டிய பாக்கி, மூன்று டீக்கு நாற்பத்தைந்து பைசா.