ஒரு சாக்குப் புல்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் எதையாவது பிடித்துக்கொண்டு தொங்கத்தானே வேண்டும்? என் நண்பர்களில் சிலர் நடைப்பயிற்சியைப் பிடித்தார்கள், சிலர் கோயில் கமிட்டியை. நான் புல்லைப் பிடித்தேன். சேலையூரில் எங்கள் வீட்டு முன்னால், கார் நிறுத்தியது போக மிச்சமிருந்த மண்ணில், நர்சரியிலிருந்து கொரியன் புல்லைப் பாளம் பாளமாக வாங்கிவந்து பதித்தேன். நம் ஊர் வெயிலுக்கு அந்தப் புல் அஞ்சாது. மார்கழியில் கொஞ்சம் சுணங்கும், பங்குனியில் நிமிர்ந்துவிடும். நிழலும் தேங்கிய தண்ணீரும்தான் அதற்கு ஆகாது.

தொல்லை கொடுத்தது அருகம்புல். கொரியன் புல்லுக்கு நடுவே எங்கிருந்தோ ஓடிவந்து கணுவுக்குக் கணு வேர் விடும். காலையில் குந்தி உட்கார்ந்து, திட்டித் திட்டிப் பிடுங்குவேன். பிள்ளையார் சதுர்த்தி வந்தால், அதே அருகம்புல்லைக் கடைத்தெருவில் போய்க் காசு கொடுத்து வாங்கிவருவேன். "வாசல்ல இருந்ததை நேத்துதானே பிடுங்கிப் போட்டீங்க?" என்று மனைவி சிரிப்பாள். எனக்குக் கோபம் வரும். அந்த லானைப் பற்றி யார் என்ன சொன்னாலும் எனக்குக் கோபம் வந்தது.

அடுத்த தெருவில் இரண்டு மாடு வைத்திருந்த பால்காரம்மாவுக்கு மட்டும் என் புல்மேல் உண்மையான மரியாதை. முன்பெல்லாம் ஏரியை ஒட்டிய காலி மனைகளில் அவருடைய மாடுகள் மேயும். மனைகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடி ஆனதும், பச்சைக்கு அவர் வீடு வீடாக அலைய வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை நான் புல் வெட்டும் மெஷினை உருட்டி முடிக்கிற நேரத்துக்குச் சரியாகச் சாக்கோடு வந்து நிற்பார். வெட்டியது, பிடுங்கியது எல்லாவற்றையும் அள்ளி அமுக்கிக் கட்டுவார். பசுவுக்குப் புல் கொடுக்கிற புண்ணியம் வாசலுக்கே வருகிறதென்று என் மனைவிக்கும் திருப்தி.

போன வருஷம் மழை முடிந்த கையோடு என் லான் வெளுத்துப்போனது. எதிர்வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே நின்று, "என்ன சார், காமாலையா?" என்றார். அன்று மத்தியானச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. நேரே நர்சரிக்குப் போனேன். அங்கிருந்தவர் ஒரு சின்னப் பை யூரியா கொடுத்தார். "ஒரு கைப்பிடி போதும் சார், தண்ணியில கரைச்சுத் தெளிங்க. ரெண்டு மூணு வாரத்துக்கு அந்தப் புல்லை மாட்டுக்கு மட்டும் குடுத்துடாதீங்க" என்றார்.

ஒரு கைப்பிடி எந்த மூலைக்கு? மொத்தப் பையையும் தூவித் தண்ணீர் விட்டேன்.

நாலே நாளில் புல் கரும்பச்சையாகத் திமிறிக்கொண்டு எழுந்தது. எதிர்வீட்டுக்காரர் பார்க்க வேண்டுமென்றே ஞாயிறு காலை மெதுவாக வெட்டினேன். பால்காரம்மா வந்தார். சாக்கை விரித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா பச்ச சார் இது! கண்ணுலயே ஒத்திக்கலாம் போல கீது. இத்த என் சின்னதுக்குத்தான் போடப்போறேன். அது ஏழு மாசம் சினை, தலை ஈத்து. பெருசு வைக்கோல் தின்னட்டும்."

நர்சரிக்காரர் சொன்னது மறந்துபோயிற்று என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. மறக்கவில்லை. அவர் சாக்கை அமுக்கிக் கட்டியபோது அந்த வார்த்தை நெஞ்சில் வந்து நின்றது. ஆனால் அவர் என் புல்லைப் புகழ்ந்துகொண்டிருந்தார். அந்தச் சமயத்தில் 'கொட்டிவிடுங்கள், அது விஷம்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர்தான் விட்டேனே, எல்லாம் கரைந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூட்டையைத் தூக்கி அவர் தலையில் வைத்ததும் நான்தான்.

மறுநாள் பால் வரவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் அவரே வெறுங்கையோடு வந்து படியில் உட்கார்ந்தார். ஞாயிறு சாயங்காலமே சின்ன மாடு மூச்சு வாங்கிக்கொண்டு சாய்ந்திருக்கிறது. மாட்டு டாக்டர் ஓடிவந்து, ரத்தம் காப்பி நிறத்தில் இருக்கிறதென்று சொல்லி ஊசி போட்டிருக்கிறார். மாடு பிழைத்துவிட்டது. மறுநாள் கன்று விழுந்துவிட்டது.

"பொட்டக் கன்னு சார். முடிகூட நல்லா மொளைக்கல." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "உரம் போட்ட புல்லு எதுனா குடுத்தியான்னு டாக்டர் கேட்டாரு. எங்க சார் வூட்டுப் புல்லுதான் குடுத்தேன், அவரு அந்த மாதிரி ஆளு இல்லன்னு சொல்லிட்டேன். நீங்க ஒண்ணும் போடல இல்ல சார்?"

என் மனைவி காப்பி டம்ளரோடு வாசற்படியில் நின்றிருந்தாள். யூரியாப் பையை நான் தூவியதை அவள் பார்த்திருக்கிறாள்.

"இல்லம்மா," என்றேன்.

"அப்ப நான்தான் கெடுத்துக்கினேன். சனிக்கெழம ஏரிப்பக்கம் கொஞ்ச நேரம் அவுத்து வுட்டேன். அங்க எதையோ தின்னுருக்கு. என் புத்திய செருப்பால அடிக்கணும்" என்று நெற்றியில் அறைந்துகொண்டார். இரண்டு முறை.

மறுநாள் என் மனைவி, "போய்ச் சொல்லிடுங்க" என்று மட்டும் சொன்னாள். போகிறேன் என்றேன். அவர் தெரு முனைவரை இரண்டு தரம் போய்த் திரும்பினேன். அறுபது வயதில் ஒருவனுக்குச் செருப்பு மாட்டத் தெரிகிறது, உண்மை சொல்லத் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

புல்லைப் பார்க்கவே பிடிக்காமல் போயிற்று. வெட்டினால் அவர் சாக்கோடு வருவார், வெட்டாவிட்டால் ஏனென்று கேட்பார். அந்த வாரத்திலேயே ஆள் விட்டு அத்தனையையும் வேரோடு சுரண்டி எடுத்துவிட்டு சிமெண்ட் கல் பதித்தேன். மனக்கணக்கு அவ்வளவுதான்: புல் இல்லையென்றால் பேச்சும் இல்லை.

ஞாயிறு காலை வழக்கம்போல அவர் வந்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு கல்லையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னாலதானே சார்? வாரா வாரம் சாக்க எடுத்துகினு வந்து உங்களுக்குப் பேஜார் குடுத்துட்டேன். கண்ணு மாதிரி வளத்தீங்களே. மன்னிச்சுக்கோங்க சார்."

"அதெல்லாம் இல்லம்மா. கொசுத் தொல்லை, அதான்," என்றேன்.

அவர் நம்பவில்லை. கைகூப்பிவிட்டு, காலிச் சாக்கை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் நடந்தார். அவர் தெரு முனையில் திரும்பி மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிடவில்லை.